விண்வெளி பற்றிய வலையொலிகள்: கேட்பதில் தொடங்குவதா, பார்ப்பதில் தொடங்குவதா?

வெள்ளவத்தை வாசகி:

அனைவருக்கும் வணக்கம். நான் கோட்டையில் உள்ள ஓர் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். என் மகள் தமிழ்மொழி மூலம் 10ஆம் தரத்தில் படிக்கிறாள். சில வாரங்களுக்கு முன்னர் ஒரு மாலையில் இருவரும் காலிமுகத்திடலில் நின்றிருந்தோம். சூரியன் கடலுக்குள் இறங்கிய பின்னர் மேற்கில் தனியாக ஒளிர்ந்துகொண்டிருந்த வெள்ளியைக் காட்டி, அது ஏன் மற்றவை போல மினுங்கவில்லை என்று கேட்டாள். நட்சத்திரங்கள் மிகத் தொலைவில் வெறும் புள்ளியாகத் தெரிவதால் வளிமண்டலத்தின் அசைவு அவற்றின் ஒளியை அலைக்கழிக்கிறது என்றும், கோள்கள் சிறு வட்டமாக இருப்பதால் அந்த அலைக்கழிப்பு பெரும்பாலும் சமப்பட்டுவிடுகிறது என்றும் எனக்குத் தெரிந்த அளவில் சொன்னேன். உடனே அடுத்த கேள்வி வந்தது. "அம்மா, நாடா பிடித்து அளக்க முடியாத தூரத்தில் இருக்கிறதே, வெள்ளி இவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்?" அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

அன்றிலிருந்து அவளும் நானும் வானியல், விண்வெளிப் பயணம் ஆகியவை பற்றிய பொட்காஸ்ட்களையும் காணொளிகளையும் தேடிக்கொண்டிருக்கிறோம். தேடத் தேடக் குழப்பம்தான் கூடுகிறது. ஆங்கிலத்தில் நூற்றுக்கணக்கான நிகழ்ச்சிகள் இருக்கின்றன, ஆனால் பேசுகிறவர்களின் வேகத்துக்கு அவளால் ஈடுகொடுக்க முடியவில்லை. தமிழில் முதலில் வந்து நிற்பவை பெரும்பாலும் "விஞ்ஞானிகளே அதிர்ச்சி" என்ற தலைப்புள்ள காணொளிகள். நல்லனவாகத் தோன்றிய சில தமிழகக் காணொளிகளிலோ சொற்கள் அவளுடைய பாடநூலோடு ஒத்துப்போவதில்லை. கடந்த தவணைப் பரீட்சையில், ஒரு பொருளைச் சந்திரனுக்குக் கொண்டுபோனாலும் அதன் நிறை மாறாது என்று எழுதிவிட்டு வந்தாள். காணொளியில் அப்படித்தான் சொன்னார்கள் என்பது அவளுடைய வாதம். புள்ளி கிடைக்கவில்லை.

எனக்குப் போகவும் வரவும் ரயிலில் நேரம் இருக்கிறது. அவளுக்கு வார இறுதியில்தான் ஓய்வு. இருவருக்கும் பொருந்தக்கூடிய நிகழ்ச்சிகள் எவை, ஒலியில் தொடங்குவது நல்லதா, காணொளியில் தொடங்குவது நல்லதா, தமிழ்ச் சொற்களின் சிக்கலை எப்படிச் சமாளிப்பது என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.


கரையோர ரயில் பயணி:

வணக்கம் சகோதரி. பாணந்துறையிலிருந்து கோட்டைக்கு நாளாந்தம் வருகிறவன் என்ற வகையில், ஒலியில் தொடங்குங்கள் என்பதே என் பதில். நெரிசலில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர் திரையைப் பார்க்க முடியாது, ஆனால் காது சும்மா இருக்கிறது. அதைவிட முக்கியமான காரணம், படம் இல்லாதபோது பேசுகிறவர் ஒவ்வொன்றையும் சொல்லால் விளக்கியே ஆக வேண்டும் என்பதுதான். காணொளியில் அழகான படம் ஒன்றைக் காட்டி, விளக்கம் சொல்லாமலே நகர்ந்துவிடலாம்.

உங்கள் மகள் கேட்ட கேள்வியை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். என்ன தெரியும் என்பதோடு நிற்காமல், அது எப்படித் தெரியும் என்பதையும் சொல்கிற நிகழ்ச்சியே கேட்கத் தகுந்தது. அந்த வகையில் நான் முதலிடம் கொடுப்பது 'அஸ்ட்ரோனமி காஸ்ட்' என்ற நிகழ்ச்சிக்கு. 2006 ஓகஸ்ட் 24ஆம் திகதி புளூட்டோவைக் கோள்களின் பட்டியலிலிருந்து நீக்கும் முடிவு எடுக்கப்பட்டது. அடுத்த மாதமே அந்த விவகாரத்தை முதல் தலைப்பாக வைத்துத் தொடங்கிய நிகழ்ச்சி இது. பிரேசர் கேன் என்ற விண்வெளிச் செய்தியாளர் கேட்பார், பமீலா கே என்ற வானியலாளர் பதில் சொல்வார். கேட்கிறவர் நமக்கு எழும் ஐயத்தையே எழுப்புவதால், வகுப்பறையில் துணிந்து கை உயர்த்துகிற மாணவர் பக்கத்தில் இருப்பதுபோல இருக்கும். ஏறத்தாழ அரை மணி நேரம்தான். 700க்கும் மேற்பட்ட பகுதிகள் வந்துவிட்டன. ஆகவே அண்மைய பகுதியிலிருந்து தொடங்காமல், உங்களுக்கு வேண்டிய தலைப்பைத் தேடி எடுங்கள்.

மகளை ஒரே வாரத்தில் ஈர்க்க வேண்டுமென்றால், பிபிசி உலக சேவை 2019இல் வெளியிட்ட '13 மினிட்ஸ் டு த மூன்' தொடரைச் சொல்வேன். கெவின் ஃபொங் என்ற மருத்துவர் தொகுத்து வழங்குகிறார். அப்பலோ 11 சந்திரனில் இறங்கிய இறுதி 13 நிமிடங்களைச் சுற்றியே முழுத் தொடரும் பின்னப்பட்டிருக்கிறது. விண்கலத்துக்கும் ஹூஸ்டன் கட்டுப்பாட்டு அறைக்கும் இடையில் நடந்த உண்மையான உரையாடலே அதன் உயிர். இறங்கிக்கொண்டிருக்கும்போது கணினி 1202 என்ற எச்சரிக்கை எண்ணைக் காட்டுகிறது. அது என்னவென்று ஆம்ஸ்ட்ரோங்குக்கும் தெரியவில்லை, அல்ட்ரினுக்கும் தெரியவில்லை. கீழே, 26 வயதான ஸ்டீவ் பேல்ஸ் என்ற பொறியியலாளர் இறங்கலாமா, திரும்ப வேண்டுமா என்று விநாடிக் கணக்கில் முடிவு சொல்ல வேண்டும். பின்னறையில் இருந்த ஜக் கார்மன் என்ற 24 வயது இளைஞர், எச்சரிக்கை எண்களையெல்லாம் முன்கூட்டியே கையால் எழுதி வைத்திருந்த தாளைப் பார்த்து, எச்சரிக்கை தொடர்ந்து வராமல் விட்டுவிட்டு வந்தால் ஆபத்தில்லை என்று சொல்கிறார். கணினிக்கு வேலை அதிகமாகிவிட்டது என்பதே அந்த எண்ணின் பொருள். அந்த நேரத்தில் தேவைப்படாத ஒரு ராடரிலிருந்து வந்த சமிக்ஞைகள் அதன் நேரத்தைத் தின்றுகொண்டிருந்தன. முக்கியமற்ற வேலைகளைக் கைவிட்டு, இறங்கும் வேலையை மட்டும் விடாமல் செய்யும்படி அந்தக் கணினி முன்பே வடிவமைக்கப்பட்டிருந்தது. இதை நான் மொறட்டுவைக்கும் இரத்மலானைக்கும் இடையில் ரயில் நின்றிருந்தபோது கேட்டேன். முடிவு தெரிந்த கதையாக இருந்தும் கம்பியைப் பிடித்திருந்த கை வியர்த்துவிட்டது.

உங்களுக்கு மட்டும் என்றால் 'பிளானட்டரி ரேடியோ' பொருத்தமானது. கார்ல் சேகனும் மற்ற இருவரும் 1980இல் நிறுவிய பிளானட்டரி சொசைட்டி இதை 2002இலிருந்து நடத்துகிறது. பொட்காஸ்ட் என்ற சொல்லே அப்போது பிறந்திருக்கவில்லை. விண்கலங்களை வடிவமைத்தவர்களோடு நீண்ட நேர்காணல்கள் வருவதால் பெரியவர்களுக்கு நிறைவாக இருக்கும், பிள்ளைக்குச் சற்று நீளம். நீல் டிகிராஸ் டைசனின் 'ஸ்டார்டோக்' மிகப் பிரபலம்தான், ஆனால் அமெரிக்க நகைச்சுவையும் இடைப்பேச்சும் அதிகம் என்பதால் ஆங்கிலம் பழகிவரும் பிள்ளைக்கு முதல் நிகழ்ச்சியாக அதைத் தரமாட்டேன்.

வேகத்துக்கு ஒரு வழி இருக்கிறது. செயலியில் வேகத்தை 0.8 ஆகக் குறைத்துக் கேளுங்கள். நாசாவின் ஜோன்சன் விண்வெளி மையம் 2017இலிருந்து வழங்கும் 'ஹூஸ்டன் வீ ஹவ் எ பொட்காஸ்ட்' உட்படப் பல நிகழ்ச்சிகளுக்கு முழு எழுத்து வடிவமும் இணையத்தில் கிடைக்கும். அதை அச்சிட்டு வைத்துக்கொண்டு கேட்டால் ஆங்கிலமும் கூடவே வளரும். வீட்டில் வைஃபை இருக்கும்போதே தரவிறக்கிவிட்டால் டேட்டா செலவும் மிச்சமாகும்.


கொட்டாஞ்சேனை மொட்டைமாடி:

மேலே எழுதியவரின் தெரிவுகளோடு எனக்கு மாறுபாடு இல்லை, ஆனால் ஒலியே போதும் என்ற தொனியை மட்டும் ஏற்க முடியவில்லை. நான் ஒரு பாடசாலையில் வானியல் கழகத்துக்குப் பொறுப்பாக இருக்கிறேன். செவ்வாய் வானில் சில வாரங்களுக்குப் பின்னோக்கிச் செல்வதுபோலத் தோன்றுவது ஏன் என்பதைச் சொல்லால் மட்டும் விளக்க எத்தனையோ முறை முயன்று தோற்றிருக்கிறேன். பூமி உள்வட்டத்தில் செவ்வாயை முந்திச் செல்வதைக் காட்டும் அசைவுப் படத்தை 20 விநாடி போட்டால் வகுப்பு முழுவதும் "ஆ" என்கிறது. பிறை, கிரகணம், வெள்ளியின் கலைகள் ஆகிய யாவும் வடிவத்தின் விடயங்கள். கண்ணுக்குரியதைக் கண்ணுக்குத்தான் கொடுக்க வேண்டும்.

10ஆம் தரத்துப் பிள்ளைக்கு, பில் பிளெயிட் என்ற வானியலாளர் 2015இல் வழங்கத் தொடங்கிய 'கிரஷ் கோர்ஸ் அஸ்ட்ரோனமி' தொடர் நல்ல அடித்தளமாக அமையும். ஒவ்வொன்றும் 10 நிமிடத்தையொட்டியது, பாடநூலைப் போல வரிசைக்கிரமமானது. அவர் விரைவாகப் பேசுகிறவர் என்பதால் வசன வரிகளோடு பாருங்கள். 'பிபிஎஸ் ஸ்பேஸ் டைம்' உயர்தரத்தில் பௌதிகவியல் எடுத்த பின்னர் பார்க்க வேண்டியது, இப்போது வேண்டாம். நாசாவின் கொடார்ட் மையத்தில் உள்ள காட்சிப்படுத்தல் பிரிவு, சந்திரனின் தோற்றத்தை ஆண்டு முழுவதற்கும் மணிக்கு மணி காட்டும் காணொளியை இலவசமாக வெளியிடுகிறது. மகளின் பிறந்தநாள் இரவில் சந்திரன் எப்படி இருக்கும் என்று அதில் தேடச் சொல்லுங்கள்.

ஆனால் படத்தை நம்புவதற்கும் ஒரு பயிற்சி வேண்டும். ஜேம்ஸ் வெப் தொலைகாட்டியின் முதல் படங்கள் 2022 ஜூலை 12ஆம் திகதி வெளியானபோது, எங்கள் மாணவர் ஒருவர் நேரில் போனால் இந்த நிறங்களையே பார்ப்போமா என்று கேட்டார். இல்லை. வெப் பார்ப்பது பெரும்பாலும் எங்கள் கண்ணுக்குப் புலப்படாத செங்கீழ்க் கதிர்களை. அவற்றில் குறுகிய அலைநீளத்துக்கு நீலத்தையும் நீண்ட அலைநீளத்துக்குச் சிவப்பையும் கொடுத்து, எங்கள் கண்ணுக்கு ஏற்றபடி மொழிபெயர்க்கிறார்கள். அது பொய்யன்று, மொழிபெயர்ப்பு. அதேபோல, அந்தப் படங்களில் ஒளிர்வான நட்சத்திரங்களைச் சுற்றித் தெரியும் ஆறு பெரிய கூர்முனைகளும் இரண்டு சிறியனவும் நட்சத்திரத்துக்கு உரியனவல்ல. அறுகோண வடிவிலான 18 ஆடித் துண்டுகளாலும் அவற்றின் முன்னால் உள்ள தாங்கிகளாலும் உண்டாவன. ஹபிளின் படங்களில் நான்கு முனைகளே இருக்கும். ஒரு படத்தைப் பார்த்து, அது எந்தத் தொலைகாட்டியால் எடுக்கப்பட்டது என்று எங்கள் மாணவர்கள் இப்போது முனைகளை எண்ணியே சொல்லிவிடுகிறார்கள்.

"விஞ்ஞானிகளே அதிர்ச்சி" வகைக்கு வருகிறேன். 2025 ஜூலை 1ஆம் திகதி, சிலியில் உள்ள அட்லஸ் தொலைகாட்டி ஒரு பொருளைக் கண்டுபிடித்தது. சூரியத் தொகுதிக்கு வெளியிலிருந்து வந்ததாக உறுதிப்பட்ட மூன்றாவது பொருள் அது, 2017இலும் 2019இலும் கண்ட இரண்டுக்குப் பின்னர் வந்தது. 3ஐ/அட்லஸ் என்று பெயரிட்டார்கள். அது வால்வெள்ளி என்பதற்கான வாயுவும் தூசும் தெளிவாகத் தெரிந்தன. ஆயினும் வேற்றுலகத்தாரின் கலம் பூமியை நோக்கி வருகிறது என்ற காணொளிகள் தமிழிலும் குவிந்தன. 2025 டிசம்பர் 19ஆம் திகதி பூமிக்கு மிக அருகில் வந்தபோதே அது ஏறத்தாழ 270 மில்லியன் கிலோமீற்றருக்கு அப்பால் இருந்தது. சூரியன் எங்களுக்கு இருக்கும் தொலைவைப் போல இது 1.8 மடங்கு. ஆகவே எங்கள் கழகத்தில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். காணொளியில் தூரம், திகதி, கண்டுபிடித்த கருவி ஆகிய மூன்றும் சொல்லப்படாவிட்டால் ஐந்தாவது நிமிடத்தில் நிறுத்திவிடுவோம்.

தமிழில் பார்க்க வேண்டியவையும் இருக்கின்றன. சந்திரயான்-1இன் திட்டப் பணிப்பாளராக இருந்த மயில்சாமி அண்ணாதுரை தமிழில் ஆற்றிய உரைகள் யூடியூப்பில் பல உள்ளன. தன் கையால் செய்த வேலையைத் தன் மொழியில் சொல்கிறவரின் பேச்சுக்கு இருக்கும் தெளிவு வேறு. சந்திரயான்-3 இறங்கிய நேரலையையும் மகளுக்குக் காட்டுங்கள். 2023 ஓகஸ்ட் 23ஆம் திகதி மாலை 6.04. எங்கள் மணிக்கூடும் அவர்களுடையதும் ஒன்றே என்பதால், பாடசாலை விட்டு வந்த பிள்ளைகள் எல்லோரும் பார்த்தார்கள். திரையில் வரையப்பட்ட கோடும், அதன் வழியே கலம் நகர்வதைக் காட்டும் புள்ளியும்தான் காட்சி. 2019 செப்டெம்பர் 7ஆம் திகதி அதிகாலையில் சந்திரயான்-2இன் பாதை, வரைந்து வைத்த கோட்டிலிருந்து விலகியதைப் பார்த்தவர்களுக்கு, இம்முறை இரண்டும் ஒட்டியே இறங்கியபோது என்ன இருந்தது என்பதை நான் எழுதித் தெரிய வேண்டியதில்லை. முந்தியதை முதலில் காட்டி, அதன் பின்னர் இதைக் காட்டுங்கள்.


செவிவழி:

இந்த இழையைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. என் தம்பிக்கு 19 வயதில் பார்வை போய்விட்டது. சிறு வயதில் தெகிவளையில் எங்கள் வீட்டுக் கூரையில் ஏறி நட்சத்திரங்களை எண்ணியவன். கண்ணுக்குரியதைக் கண்ணுக்குக் கொடுக்க வேண்டும் என்று மேலே எழுதிய ஆசிரியரின் கருத்து வகுப்பறைக்குச் சரியாக இருக்கலாம். ஆனால் வானியலில் காதுக்கென்றே உரியவையும் இருக்கின்றன, அவற்றைப் பார்வையுள்ளவர்களும் கேட்க வேண்டும்.

முதலாவது, உண்மையான ஒலி. பேர்சிவியரன்ஸ் ஊர்தி 2021 பெப்ரவரி 18ஆம் திகதி செவ்வாயில் இறங்கியபோது ஒலிவாங்கிகளையும் கொண்டுபோனது. அங்கே வீசும் காற்றையும், ஊர்தியின் உலோகச் சில்லுகள் கல்லில் உரசுவதையும், இன்ஜெனுவிட்டி என்ற சிறிய உலங்குவானூர்தியின் இரைச்சலையும் நாசா வெளியிட்டிருக்கிறது. செவ்வாயின் வளிமண்டல அமுக்கம் எங்களுடையதில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அதனால் எல்லாமே அடுத்த அறையில் நடப்பதுபோல அடங்கிக் கேட்கும். ஒலி அங்கே விநாடிக்கு ஏறத்தாழ 240 மீற்றர் செல்கிறது, கீச்சுக்குரல் அதைவிடச் சுமார் 10 மீற்றர் விரைவாகச் செல்கிறது. அப்படியானால் தூரத்தில் ஒருவர் பாடினால் சுருதி பிசகித்தானே கேட்கும் என்று தம்பி உடனே கேட்டான். அவன் மிருதங்கம் படித்தவன்.

இரண்டாவது, ஒலியல்லாத ஒன்று ஒலியாக்கப்பட்டது. 2015 செப்டெம்பர் 14ஆம் திகதி அமெரிக்காவின் லைகோ கருவிகள் இரண்டும் ஓர் ஈர்ப்பலையை, அதாவது ஈர்ப்பினால் வெளியிலேயே எழும் ஒரு நடுக்கத்தை, பதிவுசெய்தன. ஏறத்தாழ 1.3 பில்லியன் ஒளியாண்டுகளுக்கு அப்பால், சூரியனைப் போல 36 மடங்கும் 29 மடங்கும் திணிவுள்ள இரு கருந்துளைகள் ஒன்றாகின. அந்த அலையின் மீடிறன் 35 ஹேட்ஸிலிருந்து 250 ஹேட்ஸ்வரை ஏறியது. அது மனிதக் காதுக்கு எட்டும் எல்லைக்குள் இருப்பதால், அப்படியே ஒலிபெருக்கியில் போடலாம். 0.2 விநாடிதான், "டுப்" என்ற ஒரு சிறு எழுச்சி. தம்பி அதை முதல்முறை கேட்டபோது இயர்போனைக் கழற்றாமல் 12 தடவை திருப்பிப் போட்டான். நான் பக்கத்தில் எண்ணிக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது வகையில் கவனம் வேண்டும். சந்திரா எக்ஸ்-கதிர் தொலைகாட்டியின் குழுவினர் 2020இலிருந்து படங்களை ஒலியாக மாற்றி வெளியிடுகிறார்கள். பால்வெளியின் மையத்தைக் காட்டும் படத்தில் ஒரு கோடு இடமிருந்து வலமாக நகரும். மேலே உள்ளது உயர்ந்த சுருதி, கீழே உள்ளது தாழ்ந்த சுருதி, ஒளிர்வு கூடினால் ஒலியும் கூடும். அங்கே அப்படி ஒலி எழுகிறது என்பது இதன் பொருளன்று, மேலே சொன்ன நிறங்களைப் போல இதுவும் ஒரு மொழிபெயர்ப்பே. ஆனால் பேர்சியஸ் கலாக்சிக் கொத்து வேறு. அங்குள்ள வெப்ப வாயுவில் உண்மையான அமுக்க அலைகள் ஓடுகின்றன. 2003இல் அறியப்பட்ட அந்தச் சுரம் பியானோவின் நடு ஸ்தாயியிலிருந்து 57 ஸ்தாயிகள் கீழே இருப்பதால், காதுக்கு எட்டும்படி உயர்த்தி 2022இல் வெளியிட்டார்கள். இந்த மூன்றையும் பிரித்துச் சொல்லாமல் "விண்வெளியின் சத்தம்" என்று ஒரே பெயரில் போடும் நிகழ்ச்சிகள் என்னைக் கோபப்படுத்துகின்றன. பார்வையில்லாத ஒருவர் தனக்குத் தரப்படுவது என்ன என்பதைச் சரியாக அறியும் உரிமை உள்ளவர்.

பார்வையிழந்த பின்னரும் தரவுகளை ஒலியாக்கி ஆய்வைத் தொடர்ந்த வண்டா டியாஸ் மெர்செட் என்ற புவேர்ட்டோ ரிக்கோ வானியலாளரின் உரை இணையத்தில் இருக்கிறது. தயவுசெய்து மகளோடு கேளுங்கள்.


ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியை, பம்பலப்பிட்டி:

மகளே, உங்கள் பிள்ளையின் பரீட்சைப் புள்ளி பற்றி யாரும் சொல்லாததால் நான் சொல்கிறேன். அவள் பௌதிகத்தைப் பிழையாக விளங்கவில்லை, சொல்தான் அவளை ஏமாற்றிவிட்டது. நாங்கள் திணிவு என்பதைத் தமிழகப் பாடநூல்கள் நிறை என்கின்றன. நாங்கள் நிறை என்பதை அவர்கள் எடை என்கிறார்கள். ஆகவே சந்திரனில் நிறை மாறாது என்பது சென்னையில் சரி, கொழும்பில் பிழை. ஒரே சொல் இரண்டு பொருளில் வரும் இந்த இடம்தான் ஆபத்தானது. மற்றவை வேறுவேறு சொற்கள் என்பதால் அவ்வளவு தொல்லை தருவதில்லை. எங்கள் ஆர்முடுகல் அவர்களுக்கு முடுக்கம், மீடிறன் அதிர்வெண், அமுக்கம் அழுத்தம், சக்தி ஆற்றல், செய்மதி செயற்கைக்கோள், தொலைகாட்டி தொலைநோக்கி. ஒரு கொப்பியில் மூன்று நிரல் கீறி, ஆங்கிலச் சொல், எங்கள் சொல், அவர்கள் சொல் என்று அவளையே எழுதச் சொல்லுங்கள். நான் எழுதிக் கொடுக்கலாம், ஆனால் கேட்கும்போது தானாக எழுதுகிற சொல்தான் நிற்கும். எது சிறந்தது என்ற வாதத்துக்குள் அவளை இழுக்க வேண்டாம். இரண்டையும் அறிந்த பிள்ளைக்கு இரண்டு கரைகளிலும் உள்ள தமிழ் நிகழ்ச்சிகள் திறந்துவிடும்.

வானத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகம் மாதந்தோறும் வெளியிடும் வானக் காணொளி நல்லது, ஆனால் அது அமெரிக்காவில் நிற்கிறவருக்காகச் சொல்லப்படுவது. கொழும்பு அகலாங்கு 7 பாகைக்குச் சற்றுக் குறைவு. துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து 7 பாகைதான் உயரும் என்பதால் கட்டடங்களும் முகிலும் அதை மறைத்துவிடும். மாறாக, திருவாதிரை பெப்ரவரி தொடக்கத்தில் இரவு 9 மணியளவில் ஏறக்குறைய எங்கள் உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கும். தெற்கே பார் என்று காணொளி சொன்னால் நீங்கள் அண்ணாந்து பாருங்கள். அது 2019 இறுதியிலிருந்து 2020 பெப்ரவரிவரை கண்ணுக்கே தெரியும்படி மங்கியது. தான் கக்கிய தூசே அதை மறைத்தது என்று பின்னர் அறிந்தார்கள். அக்காலப் பொட்காஸ்ட்களைத் தேடிக் கேட்டால், விடை தெரியாதபோது வானியலாளர்கள் எப்படித் தர்க்கிக்கிறார்கள் என்பதை அவள் அறிவாள்.

அவள் கேட்ட வெள்ளியின் தூரத்துக்கு வருகிறேன். 2004 ஜூன் 8ஆம் திகதி வெள்ளி சூரியனுக்குக் குறுக்கே கடந்தபோது, தொலைகாட்டியின் பின்னால் வெள்ளைக் கடதாசி பிடித்து, சூரிய வட்டத்தின் மேல் ஒரு கறுத்த மிளகு ஊர்வதை என் மாணவிகளுக்குக் காட்டினேன். பூமியின் இரு வேறு இடங்களிலிருந்து பார்ப்பவர்களுக்கு அந்த மிளகு சற்று வேறுபட்ட பாதையில் செல்லும். கையை நீட்டிப் பெருவிரலை ஒரு கண்ணால் பார்த்து, அதன் பின்னர் மற்றக் கண்ணால் பார்த்தால் விரல் இடம் பெயர்வது போன்றதே இது. அந்தப் பெயர்ச்சியிலிருந்து தூரத்தைக் கணிக்கலாம் என்று எட்மண்ட் ஹலி 1716இல் எழுதினார், அதன்படி 1761இலும் 1769இலும் உலகெங்கும் கப்பலேறிப் போய் அளந்தார்கள். 1961இல் கலிபோர்னியாவின் கோல்ட்ஸ்டோன் நிலையத்திலிருந்து வெள்ளிக்கு ராடர் அலை அனுப்பி, அது சில நிமிடங்களில் எதிரொலித்து வந்த நேரத்தை வைத்து மிகத் துல்லியமாக அளந்தார்கள். சூரியனுக்கும் பூமிக்கும் இடையிலான 149.6 மில்லியன் கிலோமீற்றர் என்ற எண்ணும் அவ்வாறே உறுதிப்பட்டது. அடுத்த குறுக்குக் கடப்பு 2117இல்தான். ஆகவே 2012இல் எடுத்த காணொளிகளை அவளுக்குக் காட்டுங்கள், பெருவிரலையும் நீட்டச் சொல்லுங்கள்.


வெள்ளவத்தை வாசகி:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

ஆசிரியை அம்மா, கொப்பியில் இப்போது 41 சொற்கள் இருக்கின்றன. நிறை என்ற சொல்லைச் சிவப்புப் பேனையால் வட்டமிட்டு வைத்திருக்கிறாள். பெருவிரல் சோதனையைப் பல்கனியில் நின்று எதிர் மாடிக் கட்டடத்தின் தண்ணீர்த் தாங்கியை வைத்துச் செய்தாள். கையை மடக்கினால் விரல் கூடுதலாக நகர்கிறது என்று அவளே கண்டுபிடித்து, அருகில் உள்ளது அதிகம் பெயரும் என்று எழுதி வைத்தாள்.

ஒலியா காணொளியா என்பதற்கு எங்கள் வீட்டில் கிடைத்த வழி இதுதான்: கிழமை நாட்களில் நான் ரயிலில் கேட்கிறேன், அவற்றில் ஒன்றைத் தெரிந்து சனிக்கிழமை இருவரும் எழுத்து வடிவத்தோடு சேர்ந்து கேட்கிறோம், படம் தேவைப்படும் இடத்தில் நிறுத்திக் காணொளியைத் தேடுகிறோம். ஒரு மணி நேரத்தில் 20 நிமிடத்துக்கு மேல் நகர்வதில்லை. செவிவழி அண்ணா, லைகோவின் ஒலியை அவள் தன் கைபேசியின் அழைப்பொலியாக வைத்திருக்கிறாள். உங்கள் தம்பியின் சுருதிக் கேள்வியைத் தன் சங்கீத ஆசிரியையிடம் கேட்கப் போவதாகச் சொல்கிறாள்.

அப்பலோ 11 தொடரில் 1202 வரும் பகுதியைக் கேட்டுவிட்டு, யாழ்ப்பாணத்தில் இருக்கும் தாத்தாவுக்கு அதைத் தமிழில் 4 நிமிடக் குரல் பதிவாக அனுப்பினாள். தாத்தா மறுநாள் காலை அழைத்து, "கணினி முக்கியமில்லாத வேலையை விட்டுவிட்டது என்கிறாயே, எந்த வேலை மேலதிகமாக இருந்தது?" என்று கேட்டார். அவளுக்குத் தெரியவில்லை. அன்றிரவு எழுத்து வடிவங்களைத் தேடி வாசித்து, இறங்கும்போது உயரத்தைச் சரிபார்ப்பதற்காக அல்ட்ரின் ஒரு கணக்கைத் திரையில் காட்டும்படி கேட்ட நேரத்தில்தான் சுமை எல்லை கடந்தது என்பதைக் கண்டுபிடித்தாள். அதையும் பதிவுசெய்து அனுப்பியிருக்கிறாள்.